எவர்சில்வர் பாட்டிலில் வாடை, பழுப்புப் புள்ளி, சீக்கிரம் ஆறும் வெந்நீர்

உத்தமபாளையத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா தினமும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு நல்ல விலை கொடுத்து இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். நாலு மாதத்தில், திறந்தாலே ஒரு வாடை அடிக்கிறது. உள்ளே அடியில் பழுப்புப் புள்ளிகள். வெளியே அடிவளையத்தில் துரு மாதிரி. காலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் பத்து, பதினொரு மணிக்கே வெதுவெதுப்பாகிவிடுகிறதாம். போலி ஸ்டீலைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கட்டுமா?"

நான் கம்பத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். இந்த நாலு புகாரும் வாரத்துக்கு ஒருமுறையாவது கடைக்கு வரும், பெரும்பாலும் தனித்தனியாக. உங்கள் அம்மாவின் பாட்டிலுக்கு நாலும் ஒன்றாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். தூக்கிப் போட வேண்டாம். நான் திருப்பிக் கேட்டதற்கு நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால், வாடை மூடியிலிருந்து வருகிறது. புள்ளி, ஊற்றிய தண்ணீரிலிருந்தும் தேய்த்த நாரிலிருந்தும் வந்தது. அடிவளையத் துரு அம்மாவின் பையிலிருந்து வந்தது. சூடு விஷயத்தை மட்டும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

முதலில் வாடை. மூடியைக் கவிழ்த்து உள்பக்கம் பாருங்கள். மரை முடிகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். கடையில் வாஷர் என்போம், இப்போது வருவதெல்லாம் பெரும்பாலும் சிலிக்கோன். அதை ஒருமுறையாவது கழற்றிக் கழுவியிருக்கிறீர்களா? வாடை என்று பாட்டிலை நீட்டுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்பேன். "அது கழறுமா?" என்றுதான் பதில் வரும். கழறும். தேக்கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையால் ஓரத்தில் லேசாக நெம்பினால் வந்துவிடும். கத்தியோ ஊசியோ வேண்டாம், ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் அப்புறம் பையெல்லாம் தண்ணீர்.

கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் வழுவழுவென்று ஒரு படலம் இருக்கும், சில மூடிகளில் கறுப்பாகப் பூஞ்சையே பிடித்திருக்கும். ஸ்டீல் தானாக வாடையைப் பிடித்து வைக்காது. சிலிக்கோனும் மூடியின் பிளாஸ்டிக்கும் பிடித்து வைக்கும். பாட்டிலை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வளையத்துக்கு அடியில் சோப்பு போகாது, ஈரம் மட்டும் போகும். வளையத்தையும் மூடியையும் சூடான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மரை இடுக்கு முதற்கொண்டு தேய்த்து, வெயிலில் காயவையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வளையத்துக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் உண்டு. கழற்றும்போதே எது மேலே இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாட்டினால் ஒழுகும், ஒழுகாவிட்டாலும் சூடு நிற்காது.

அழுத்தினால் தண்ணீர் வருகிற பட்டன் மூடி என்றால் வேலை இன்னும் அதிகம். அதற்குள்ளே ஸ்பிரிங்கும் ஓர் அறையும் இருக்கின்றன. பாட்டிலில் சூடான சோப்புத் தண்ணீரை ஊற்றி மூடி, கவிழ்த்துப் பிடித்து, பட்டனை அழுத்தி அழுத்தி வெளியே விட்டால்தான் அது உள்ளே போகும். உறிஞ்சு குழாய் வைத்த மூடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், அம்மாக்களுக்கு அதைக் கழுவுகிற பாடுதான் மிச்சம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் வெறும் திருகு மூடியைத்தான் எடுத்துக் கொடுப்பேன். பார்க்க ஒன்றும் இருக்காது, ஆனால் கெட்டுப்போவதற்கும் அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு பழக்கம், கழுவியதும் மூடியைப் போட்டு அலமாரியில் வைப்பது. உள்ளே நாலு சொட்டுத் தண்ணீர் நின்றால் போதும், மறுநாள் காலையில் திறக்கும்போது அடைத்த வாடை. ராத்திரி முழுக்க மூடியில்லாமல், வாய் கீழே பார்த்துச் சாய்வாக நிற்கட்டும். கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றுக்கு விடிவதற்குள் காய்ந்துவிடும். மேலே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்குகிறவர்கள் கதை வேறு. ஆனி, ஆடி மழையில் அங்கே துணியே நாலு நாள் காயாது, பாட்டில் எங்கே காயும்? அவர்கள் அடுப்பு அணைந்த பிறகு அடுப்பு மேடையின் ஓரத்தில் கவிழ்த்து வைப்பார்கள். நல்ல பழக்கம். அடுப்பின் மேல் மட்டும் வைக்கக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, பழுப்புப் புள்ளி. இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. குமுளி தாண்டிக் கேரளாவுக்குள் போனால் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும், இலை விழுமுன் இளஞ்சிவப்பாக ஒரு சூடுவெள்ளம், அதாவது குடிக்கிற வெந்நீர், வரும். சீரகம் போட்டது, சுக்குப் போட்டது, கருங்காலிப் பட்டை போட்டது என்று வீட்டுக்கு வீடு மாறும். அந்த ரோஜா நிறம் வந்தால் அது பதிமுகம். ஒரு மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையைச் சீவிய செதில்தான் அது. நம் பக்கத்திலிருந்து மேலே வேலைக்குப் போகிறவர்களும் அதற்குப் பழகி, இப்போது கம்பத்து மளிகைக் கடைகளிலேயே பாக்கெட் தொங்குகிறது. உங்கள் அம்மாவும் பதிமுகம் போட்டுத்தான் கொதிக்க வைக்கிறார் என்கிறீர்கள்.

பதிமுகம் ஒரு சாய மரம். பழைய காலத்தில் துணிக்குச் சாயம் போட்டதே இதில்தான். அதிலிருக்கும் சாயப் பொருளுக்குப் பிரேசிலின் என்று பேர். தென்னமெரிக்காவில் இதே வகைச் சாய மரம் நிறைய வளர்ந்த நாட்டுக்குத்தான் பிரேசில் என்று பேர் வந்தது. துணிக்கே ஏறுகிற சாயம், தினமும் நாலைந்து மணி நேரம் சூட்டோடு நின்றால் பாட்டிலின் அடியில் படியாமல் என்ன செய்யும்? தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து படிந்தால் பழுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். அது துரு இல்லை.

இந்தச் சாயத்துக்கு ஒரு குணம் உண்டு. புளிப்புப் பட்டால் மஞ்சளாகும், சமையல் சோடா மாதிரிக் காரம் பட்டால் ரத்தச் சிவப்பாகும். போன வருடம் ஓர் அக்கா நான் சொன்னேன் என்று பாட்டிலில் சோடாவும் வெந்நீரும் ஊற்றி வைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டினால் தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்ததாம். "உள்ளே இருக்கிறதெல்லாம் கரைந்து வருது தம்பி, விஷமா இருக்கும் போல" என்று பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கடையிலேயே ஒரு டம்ளரில் பதிமுகத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சோடா போட்டுக் காட்டினேன், சிவந்தது. எலுமிச்சை பிழிந்தேன், மஞ்சளானது. சிரித்துக்கொண்டே போனார். ஆகவே உங்களுக்கும் சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். கறை கிளம்புகிறது என்று அர்த்தம்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் நாள், இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரை நிரப்பி, மூடியைத் திருகாமல் ஒரு மணி நேரம் வைத்திருந்து, நீளக் காம்புள்ள பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்துக் கொட்டுங்கள். பிரஷ் இல்லையென்றால் ஒரு கைப்பிடி பச்சரிசியும் கால் பாட்டில் தண்ணீரும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள், அடி மூலை வரை அரிசி போய்த் தேய்க்கும். டீக்கறை, காப்பிக்கறை, பதிமுகக் கறை எல்லாம் இதில் போகும். மறுநாள், ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட், இல்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. அரைமணி நேரம் போதும். போர் தண்ணீரால் படிகிற வெள்ளைச் சுண்ணாம்புக் கறை இதற்குத்தான் கரையும். உள்ளே வானவில் மாதிரி தெரிகிற நிறமும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். போகாவிட்டாலும் கெடுதல் இல்லை.

சோடாவையும் எலுமிச்சையையும் ஒன்றாகப் போட்டால் பொங்கி வருகிற நுரையைப் பார்த்து, பெரிய சக்தி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிட்டால் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். மூடியைத் திருகிக் குலுக்கினால் உள்ளே வாயு சேர்ந்து மூடி முகத்தில் தெறிக்கும். தனித்தனியாகச் செய்யுங்கள்.

இரண்டு நாளும் செய்த பிறகும் சில புள்ளிகள் மிச்சமிருந்தால், அவை நாரால் வந்தவை. சாம்பல் நிறத்தில் மெல்லிசாக இருக்கும் கம்பி நாரால் உள்ளே கைவிட்டுத் தேய்ப்பதாகச் சொன்னீர்கள். அந்த நார் சாதா இரும்பு. தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உடைந்து ஸ்டீல் மேல் ஒட்டிக்கொள்ளும், ராத்திரி ஈரத்தில் அவை துருப்பிடிக்கும். பாட்டில் துருப்பிடித்த மாதிரியே இருக்கும், துருப்பிடித்தது நார். எலுமிச்சைத் தண்ணீரை இன்னொரு முறை ஊற்றி வைத்தால் அதுவும் போகும். பஞ்சுத் தேய்ப்பானும் பாத்திர சோப்பும் போதும் இதற்கு. எதுவும் போகவில்லை, விரல் நகத்தால் நெருடினால் சின்னக் குழி தட்டுப்படுகிறது என்றால் மட்டும், அது ஸ்டீலே அரிக்கப்பட்ட இடம். அந்தப் பாட்டிலுக்கு விடை கொடுக்கலாம்.

அப்புறம் அந்த அடிவளையம். இங்கே ஸ்டீலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் எவர்சில்வர் என்கிறோமே, அதில் வெள்ளி ஒரு குண்டுமணி கூடக் கிடையாது. இரும்பில் குறைந்தது பத்தரை சதவீதமாவது குரோமியம் கலந்தால் அது துருப்பிடிக்காத இரும்பு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழலுக்கு உலோகம் தேடிக்கொண்டிருந்தபோது செய்த கலவை அந்த ஊரில் முதலில் கத்திகளாகி, பிறகு உலகத்துச் சமையலறைகளுக்கெல்லாம் வந்தது. அந்தக் குரோமியம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு தோல் மாதிரி படர்ந்துவிடுகிறது. சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்கே தெரியாது. கீறினால் மறுபடி தானே வளர்ந்துகொள்ளும். எவர்சில்வர் பாத்திரம் தலைமுறை தாண்டி நிற்பது இதனால்தான்.

அந்தத் தோலுக்கு ஓர் எதிரி உண்டு, உப்பு. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தத் தோலை ஊசி குத்துகிற மாதிரி அங்கங்கே துளைக்கும். ஈர உப்பு ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். உங்கள் அம்மா மழைக்காலத்தில் ரத்தம் உறிஞ்சுகிற அட்டைக்காக உப்பையும் புகையிலையையும் துணியில் முடிந்து, பாட்டில் வைக்கிற அதே பையில் போட்டுக்கொண்டு போகிறார் என்று சொன்னீர்களே, அதுதான் காரணம். ஏலத்தோட்டத்துக்குப் போகிற யாரும் அட்டைக்கு உப்பு இல்லாமல் போக முடியாது, அது எனக்கும் தெரியும். மழையில் பை நனைய, உப்பு கசிந்து பாட்டிலின் அடிவளையத்தில் சேர்ந்திருக்கிறது. அடித்தட்டும் சுவரும் சேர்கிற அந்த இடுக்கு எப்போதும் பலவீனமான இடம். எலுமிச்சைச் சாறு நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மேலோட்டமான துரு என்றால் போய்விடும். உப்பு முடிச்சைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பையின் வேறு பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால்தான் பிளீச்சிங் பவுடர் போட்டு பாட்டிலை ஊறவைக்கக் கூடாது. குடிதண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாளில், அதே தண்ணீரில் பாட்டிலையும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பிளீச்சிங் தண்ணீரோடு எலுமிச்சை, வினிகர் எதுவும் சேரவே கூடாது, நச்சு வாயு வரும். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், உப்பு மோர் இதெல்லாம் கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். இரண்டு, மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கழுவினால் ஒன்றும் ஆகாது. மிச்சத்தோடு மறுநாள் வரை மூடி வைத்தால்தான் வினை. செம்புப் பாட்டில் என்றால் எலுமிச்சை, மோர் பக்கமே போகக் கூடாது, அது வேறு கதை.

இப்போது சூடு. வெந்நீர் சீக்கிரம் ஆறுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று பாட்டிலின் உயிர் போயிருக்கலாம், இல்லையென்றால் நாம் பயன்படுத்துகிற முறை.

உயிர் என்று நான் சொல்வது இரண்டு சுவருக்கும் நடுவிலிருக்கும் வெற்றிடத்தை. 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி, குளிர்வித்துத் திரவமாக்கிய வாயுக்களைப் பாதுகாக்கச் செய்த கண்ணாடிக் குடுவைதான் நம் வீட்டுப் பிளாஸ்க்குக்குத் தாத்தா. நடுவில் காற்றே இல்லையென்றால் சூடு எளிதில் தாண்டிப் போக வழியில்லை. உள் கண்ணாடி உடைந்து போகிற அந்தப் பழைய பிளாஸ்க்கை ஜீப்பில் கொண்டு போனவர்களுக்கு ஸ்டீல் பிளாஸ்க்கின் அருமை தெரியும். பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறி இறங்குகிற வண்டியில் கண்ணாடி எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் ஸ்டீலிலும் வெற்றிடம் போகலாம். சோதிக்க, கொதிக்கிற தண்ணீரை நிரப்பி மூடி, ஐந்து நிமிடம் கழித்துப் பாட்டிலின் வயிற்றுப் பகுதியையும் அடியையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். கழுத்துப் பக்கம் மட்டும் கதகதப்பாக இருந்தால் சரியான பாட்டில், அங்கே இரண்டு சுவரும் சேர்கின்றன. வயிறும் சுட ஆரம்பித்துவிட்டால் வெற்றிடத்துக்குள் காற்று புகுந்துவிட்டது. அதை யாராலும் சரிசெய்ய முடியாது. செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்போதும் அது நல்ல தண்ணீர் பாட்டில்தான், வெந்நீருக்கு மட்டும்தான் லாயக்கில்லை. பலமாக நசுங்கிய இடத்தில் மட்டும் சுட்டால், அங்கே வெளிச்சுவர் உள்சுவரைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

வயிறு சுடவில்லையா? அப்படியென்றால் பழக்கத்தை மாற்றினால் போதும். வெந்நீர் ஊற்றுவதற்கு முன், கொஞ்சம் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து கொட்டிவிட்டு, அப்புறம் நிரப்புங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த உள்சுவர்தான் முதல் சூட்டைக் குடிக்கும். வாய் வரை வேண்டாம், மூடி இறங்குகிற அளவு இடம் விட்டு நிரப்புங்கள். பாதிப் பாட்டில் வெந்நீர் முழுப் பாட்டிலைவிடச் சீக்கிரம் ஆறும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் சூடு போகும், நாலு பேருக்குப் பகிர்ந்தால் இன்னும் போகும். அட்டைப் பெட்டியில் '24 மணி நேரம் சூடு' என்று போட்டிருப்பது நிறைத்து மூடி, திறக்காமல் வைத்த பாட்டிலின் கணக்கு. தோட்டத்தில் அப்படி யார் வைத்திருக்கிறார்கள்? உங்கள் அம்மா எட்டு மணிக்குள் மூன்று முறை திறக்கிறார் என்றால், நல்ல பாட்டிலிலும் பதினொரு மணிக்குச் சூடு குறைந்துதான் இருக்கும். அரை லிட்டர் வெந்நீர் பாட்டில் ஒன்றும், சாதாத் தண்ணீருக்கு எடை குறைந்த ஒற்றைச் சுவர் பாட்டில் ஒன்றும் வைத்துக்கொள்வது என் யோசனை. இரட்டைச் சுவர் ஒரு லிட்டர் பாட்டில் காலியாகவே அரைக் கிலோவை ஒட்டி வரும், மலைச்சரிவில் நாள் முழுக்கத் தூக்க வேண்டாமா? வெந்நீர் ஆறியபின் மூடி இறுகிப்போய்த் திறக்க முடியாமல் போவதும் உண்டு. உள்ளே காற்று சுருங்குவதால் வருவது, மூடியின் மேல் கொஞ்சம் சூடான தண்ணீர் விட்டால் இளகும்.

அடுப்பின் மேல் வைக்கக் கூடாது என்றேன். இரண்டு சுவருக்கு நடுவில் இருப்பது எல்லாப் பக்கமும் அடைத்த அறை. நேரடி நெருப்பு பட்டால் சுவர் வீங்கி வெற்றிடம் போகலாம், மிச்சமிருக்கும் காற்று விரிந்து வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆறிப்போனால் வேறு பாத்திரத்தில் ஊற்றிச் சுடவைக்க வேண்டியதுதான். தோட்டத்தில் சருகு கூட்டி நெருப்பு வைத்து, பாட்டிலை அதன் ஓரத்தில் சாய்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, நசுங்காமலே பாட்டில் செத்துப்போவது இப்படித்தான். ஃப்ரீசரும் ஆகாது, தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒன்பது சதவீதம் அளவுக்கு விரியும்.

பால் டீ ஊற்றாதீர்கள். காலை ஆறு மணிக்கு ஊற்றிய பால் டீ மதியத்துக்குள் வெதுவெதுப்பாகி, கிருமிகள் பெருகுவதற்கு வாகான சூட்டில் மணிக்கணக்காக நிற்கும். மலையாளிகள் கொண்டு வருகிற, பால் சேர்க்காத கட்டன் சாயாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மோர் புளித்தால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும், கடையில் குடிக்கிற கேஸ் சோடாவும் அப்படியே.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏலத்துக்கு மருந்தடிப்பது அடிக்கடி நடக்கும். காய் அழுகலுக்குப் போர்டோ கலவை, பூச்சிக்கு வேறு மருந்துகள். பாட்டிலைச் செடி தூரில் வைத்துவிட்டு நிரை பிடித்துப் போய்விடுவார்கள், பக்கத்து நிரையில் அடிக்கிற மருந்து சாரலாக வந்து குடிக்கிற வாயில் படியும். வாய்ப் பகுதியை முழுக்க மூடுகிற கப் மூடி உள்ள பாட்டில் இதற்குத்தான் வேண்டும். மருந்தடிக்கிற நாளில் பையை ஷெட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. காலி பாட்டில் இருக்கிறதே என்று மருந்தையோ மண்ணெண்ணெயையோ அதில் ஊற்றி வைக்கிற பேச்சே வேண்டாம், கழுவினால் போய்விடும் என்று நினைத்துக்கூட.

ஒருவேளை வெற்றிடம் போய் வேறு வாங்க வேண்டியிருந்தால், எதைப் பார்த்து வாங்குவது? அடியில் 304 என்றோ 18/8 என்றோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றுதான். ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். விலை குறைந்த பாட்டில்களில் 201, 202 என்ற ரகங்கள் வரும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியவை. குடிக்கிற தண்ணீருக்கு அதுவும் உடனே கெடுதல் என்று சொல்ல மாட்டேன், உப்பையும் புளிப்பையும் தாங்கும் திறன் குறைவு. சில பாட்டில்களில் உள்சுவர் 304, வெளிச்சுவர் 201 என்று இருக்கும். வாங்கும்போது உள்ளே என்ன என்று கேளுங்கள்.

காந்தம் கொண்டுவந்து சோதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று ஊரெல்லாம் நம்புகிறது. 202-ம் ஒட்டாது. இன்னொரு பக்கம், நல்ல 304 தகட்டைக்கூட அழுத்தி இழுத்துக் கழுத்து வளைக்கும்போது அந்த இடத்தில் லேசாகக் காந்தத்தன்மை வந்துவிடும். என் கடையில் கழுத்தில் காந்தம் ஒட்டியது என்று நல்ல பாட்டிலை வைத்துவிட்டு, ஒட்டாத மட்ட ரகத்தை எடுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் வியாபாரத்துக்குச் சொல்கிறான் என்பார்கள். காந்தத்தைவிட முத்திரையைப் பாருங்கள். ஒற்றைச் சுவர் தண்ணீர் பாட்டிலுக்கு ஐஎஸ் 17803, வெற்றிட பாட்டிலுக்கு ஐஎஸ் 17526 என்று ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்க வேண்டும். மூடி பிளாஸ்டிக்கில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரோபிலீன், சூடு தாங்கும்.

புதுப் பாட்டிலை வாங்கியதும் அப்படியே தண்ணீர் பிடிக்காதீர்கள். உள்ளே மெருகேற்றியபோது ஒட்டிய பசை மிச்சம் இருக்கும், வெறும் சோப்புக்குப் போகாது. துணியில் கொஞ்சம் நல்லெண்ணெய் தொட்டு வாய்ப் பக்கம் துடைத்துப் பாருங்கள், கறுப்பாக வரும். அது நிற்கிற வரை துடைத்து, பிறகு சோப்பும் வெந்நீரும்.

எங்கள் ஊரில் இந்த வியாபாரம் கூடியதற்கு மலைக்கு மேலே வந்த ஓர் உத்தரவும் ஒரு காரணம். மூணாறு, தேக்கடி, வாகமண் மாதிரி இடங்களில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2025-இல் உத்தரவிட்டு, அந்த அக்டோபர் 2 முதல் அமலுக்கு வரச் சொன்னது. கார்த்திகை பிறந்து மாலை போட்டுக்கொண்டு இந்த வழியாகச் சபரிமலைக்குப் போகிற சாமிமார்களும் இப்போது ஸ்டீல் பாட்டில்தான் கேட்கிறார்கள். போகிற வழியில் கிடைக்கிற சுக்குவெள்ளத்திலும் பதிமுகம் உண்டு. திரும்பி வந்ததும் மேலே சொன்ன சோடா வைத்தியம் அவர்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக, ஒரே மாதிரி பத்துப் பாட்டில் ஜீப்பில் கிடப்பதால் அம்மா பேரை வெட்டித் தர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். குடத்திலும் தூக்குவாளியிலும் எத்தனை பேர் வேண்டுமானாலும் வெட்டித் தருவேன். இரட்டைச் சுவர் பாட்டிலில் மட்டும் மாட்டேன். வெளித்தகடு மெல்லிசு, மிஷின் ஊசி அதிர்ந்து இறங்கினால் வெற்றிடத்துக்கு ஆபத்து. கழுத்தில் கலர் கயிறு கட்டுங்கள், இல்லாவிட்டால் மூடியில் நெயில் பாலிஷால் ஓர் எழுத்துப் போடுங்கள். வளையம் தளர்ந்து புதிது வேண்டுமென்றால் மூடியை மட்டும் கொண்டு வராமல் பாட்டிலையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். இரண்டையும் பொருத்திக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வளையம் எடுத்துக் கொடுக்க முடியும்.